சக்கரம் பூண்ட எழுத்து



பெண் விடுதலை என்னும் சொல்லை நம் கவியரங்குகள் பலகாலும் முழங்கியுள்ளன. அச்சொல் நம் மாவட்டத்துச் செம்மண் சாலைகளில் சக்கரம் பூண்டு உருண்டதைப் பற்றியே இன்று பேச விழைகிறேன்.

1991இல் அறிவொளி இயக்கம் புதுக்கோட்டையில் எழுத்தறிவுப் பணியைத் தொடங்கியது. அன்றைய மாவட்ட ஆட்சியர் ஷீலா ராணி சுங்கத் அதனோடு மிதிவண்டிப் பயிற்சியையும் இணைத்தார். பிறர் துணையை எதிர்பார்த்து நிற்பவள் அடுத்த ஊருக்குச் சென்று கற்பிப்பது எங்ஙனம்? மிதிவண்டிக் கண்காட்சிப் போட்டிகளில் 70,000க்கும் மேற்பட்ட பெண்கள் பங்கேற்றனர் என்று பத்திரிகையாளர் பி. சாய்நாத் பதிவு செய்துள்ளார். ஏளனமும் இழிசொல்லும் எழாமல் இல்லை. அவற்றைக் கேட்டுக்கொண்டேதான் அப்பெண்கள் மிதித்தனர்.

பெண்களுக்கான வண்டி போதிய அளவு கிடைக்காதபோது ஆண்கள் வண்டியையே வாங்கினர். முன்கம்பியில் குழந்தையை அமர்த்தலாம் என்பதால் சிலர் அதனையே விரும்பினர். (நம் திறனாய்வாளர்கள் அக்கம்பியைக் குறியீடு என்பர், அத்தாய்மார்க்கு அது பிள்ளையின் இருக்கை.) கல்லுடைக்கும் பெண்கள் குழுவாகக் குவாரிக் குத்தகை பெற்றதும் அக்காலத்தில்தான்.

இவை யாவும் ஆட்சியரின் கொடை என்பாருடன் நான் உடன்படேன். ஆணை வண்டியைத் தரலாம். ஊரார் முன் ஏறி அமரும் துணிவு அப்பெண்களுடையது.

மிதிவண்டி கற்கத் தங்கையை அழைக்கும் முத்து பாஸ்கரனின் பாடல் அன்று ஊர்தோறும் ஒலித்தது. அஃது ஓர் ஆண்மகன் யாத்தது. அன்று கையெழுத்துப் பழகியவர்கள் எழுதியவற்றை நாம் தேடினோமா? அவர்களுள் பலர் இன்று பாட்டிமார். நம் அடுத்த கவியரங்கில் முன்வரிசையை அவர்களுக்கு விட்டு, முதலில் அவர்களைப் பேசவிடுவோம் என இவ்வவையை வேண்டி அமர்கிறேன்.