விழிப்புலனற்ற மாணவனும் கணினிப் பாடமும்

(பெற்றோர், ஆசிரியர் கூட்டமொன்றில் ஆற்றிய உரை)



பாடங்கள் இன்று கணினிக்கும் கைத்தொலைபேசிக்கும் வந்துவிட்டன. விழிப்புலனற்ற மாணவன் அவற்றை எவ்வாறு கற்பான்? திரையிலுள்ள எழுத்தைக் குரலாக்கும் திரைவாசிப்பான் என்னும் மென்பொருள் உண்டு. 2006ஆம் ஆண்டு அவுஸ்திரேலியாவில் மைக்கேல் கரன் என்பார் தொடங்கிய என்.வி.டி.ஏ. அத்தகையது. அவரும் பார்வையற்றவரே. அஃது இலவசமாகக் கிடைக்கிறது, தமிழையும் வாசிக்கிறது.

அவ்வாறாயின் குறை எங்கே? நம்மிடத்திலேதான். பாமினி எழுத்துருவிற் பாடத்தைப் பதிக்கிறோம். நம் கண்ணுக்கு அது ‘அம்மா’. கணினிக்குள்ளோ எம், கே, அரைப்புள்ளி, கே, எச் என்னும் ஆங்கிலக் குறிகளே கிடக்கின்றன. திரைவாசிப்பான் அவற்றையே உளறுகிறது. தாய்மொழிப் பாடத்தில் அம்மா என்ற சொல்லையும் அம்மாணவன் கேட்க இயலவில்லை! பாடத்தைப் படம்பிடித்து அனுப்பினாலோ, வாசிப்பதற்கு எழுத்தே இல்லை.

குளம் நிறைந்திருந்தும் வாய்க்கால் தூர்ந்தால் பயிர் வாடும் என்பதை உழவர் பெருமக்கள் அறிவீர்கள். இங்கே தூர்ந்த வாய்க்கால் எழுத்துரு.

வலதுகுறைந்தோரைக் கல்வி நிலையங்களிற் சேர்ப்பதில் பாரபட்சம் காட்டலாகாது என்று இலங்கையின் 1996ஆம் ஆண்டு 28ஆம் இலக்கச் சட்டம் விதித்தது. சட்டம் கதவைத் திறந்தது. உள்ளே சென்றவனுக்குப் பாடம் கிடைக்க வேண்டாமா?

ஆகவே, ஆசிரியர்களே, பாடங்களை ஒருங்குறியிற் பதியுங்கள். படம் இருப்பின், அதன் பொருளை இரண்டு வரியில் எழுதிச் சேருங்கள். பெற்றோர்களே, இவற்றை உங்கள் பாடசாலை அதிபரிடம் கேளுங்கள், கிடைக்கும்வரை கேளுங்கள்.