புழுங்கலரிசியும் பெரிபெரியும்



மருத்துவ ஆய்வு என்றதும் கண்ணாடிக் குடுவைகளும் நுண்ணோக்கியும் நம் நினைவுக்கு வருகின்றன. இன்று நாம் பேச எடுத்துக்கொண்டதோ ஒரு சோற்றுப் பானை.

20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் மலாய் மாநிலங்களின் ஈயச் சுரங்கங்களில் உழைத்த சீனத் தொழிலாளரிடையே பெரிபெரி நோய் பெருகியிருந்தது. கால்கள் மரத்தன, உடல் வீங்கியது, இதயம் தளர்ந்து பலர் மாண்டனர். நாகப்பட்டினத்தில் கப்பலேறி, இப்பினாங்குத் துறையில் இறங்கித் தோட்டங்களுக்குச் சென்ற தமிழரைக் காய்ச்சலும் வயிற்றுக்கடுப்பும் வாட்டின. பெரிபெரியோ அவர்களிடம் அரிதாகவே காணப்பட்டது. நெகிரி செம்பிலானில் பணியாற்றிய மருத்துவர் பிராடன் இவ்வேறுபாட்டை உற்றுநோக்கினார். சீனர் உண்டது தீட்டிய வெள்ளைப் பச்சரிசி. தமிழர் உண்டது நெல்லை அவித்து உலர்த்திய புழுங்கலரிசி. ஆயினும் கெட்டுப்போன அரிசியிலுள்ள நஞ்சே நோய்க்குக் காரணம் என்று அவர் கருதினார்.

இதைச் சோதித்தவர் வில்லியம் ஃபிளெட்சர். 1905ஆம் ஆண்டின் இறுதியில், கோலாலம்பூர் மனநோயாளர் காப்பகத்தில் இருந்தோரை வரிசையாக நிறுத்தி எண்ணினார். ஒற்றைப்படை எண்ணினர்க்குப் பச்சரிசி. இரட்டைப்படை எண்ணினர்க்குப் புழுங்கலரிசி. இருப்பிடம்தான் காரணமோ என்னும் ஐயம் எழவே, இடையில் இரு சாராரின் விடுதிகளையும் மாற்றினார். ஓராண்டுக்குப் பின், பச்சரிசி உண்ட 120 பேரில் நான்கில் ஒருவருக்கும் மேல் நோயுற்றிருந்தனர். 18 பேர் இறந்தனர். புழுங்கலரிசி உண்டோரில் இருவருக்கே நோய். அவ்விருவரும் நோயுடனேயே காப்பகத்திற்கு வந்தவர்கள். இச்சாராரில் பெரிபெரியால் எவரும் இறக்கவில்லை.

அந்தப் 18 பேரைக் கடந்து விரைந்து செல்ல நமக்கு மனம் வரவில்லை. அவர்கள் தமக்கென ஒப்புதல் அளிக்கும் நிலையில் இல்லாதவர்கள். மாந்தரை உட்படுத்தும் ஆய்வுக்கான ஹெல்சிங்கி அறிக்கை 1964இல்தான் பிறந்தது. அந்நெறி அன்று இருந்திருப்பின், நோய் தலைகாட்டிய அன்றே அரிசியை மாற்றியிருக்க வேண்டும்.

அடுத்து, ஃபிரேசர், ஸ்டாண்டன் ஆகிய இருவர் ஏறத்தாழ 300 ஜாவானியத் தொழிலாளரிடம் இதே வினாவை ஆராய்ந்தனர். அரிசியில் நஞ்சு ஏதும் இல்லை; தீட்டுகையில் ஏதோ ஒன்று இழக்கப்படுகிறது என்னும் முடிவை நோக்கி அவர்தம் ஆய்வுகள் சென்றன. அந்த ‘ஏதோ ஒன்று’ 1926இல் ஜாவாவில் தவிட்டிலிருந்து பிரித்தெடுக்கப்பட்டது. அதுவே தயமின், அதாவது பி1 உயிர்ச்சத்து.

மாவுச்சத்தை ஆற்றலாக மாற்றும் நொதிகளுக்குத் தயமின் துணை வேண்டும். உடல் அதை மிகுதியாகச் சேமித்து வைப்பதில்லை. சில வாரங்களிலேயே இருப்புக் கரைந்துவிடும். ஓயாது உழைக்கும் இதயமும், சர்க்கரையை நம்பி வாழும் நரம்புகளும் முதலில் நலிகின்றன. சோறு மிகுந்து துணைக்கறி குறைந்த தட்டில் இக்குறை இன்னும் விரைந்து முற்றுகிறது. தயமினின் தேவையைக் கூட்டுவதே அந்தச் சோறுதான்.

நெல்லை உமியோடு அவிக்கையில் தவிட்டிலும் முளையிலும் உள்ள தயமின் நீரில் கரைந்து அரிசியின் உள்ளே புகுகிறது. பின்னர்த் தீட்டினாலும் பெரும்பகுதி எஞ்சுகிறது. நம் பாட்டிமார் உயிர்ச்சத்தை எண்ணி நெல் அவிக்கவில்லை. அவித்த நெல் குத்தும்போது நொய்யாகாது என்பதே அவர்கள் கண்ட பயன்.