தேறாதுன்னு தள்ளின கரு

நடுவர் அவர்களே! ஆளை உருவாக்குவது சூழல் இல்லை, பிறப்பேதான்னு எதிரணி நண்பர் முழங்கிட்டுப் போனார். விருத்தாசலத்துப் பீங்கான் மண்ணைப் பத்தி நல்லூர்க்காரங்களுக்கு நான் சொல்லணுமா? சுடுறதுக்கு முன்னால அது கோப்பையும் ஆகும், பொம்மையும் ஆகும். அஞ்சாறு நாள் கருவுக்குள்ள இருக்கிற ஸ்டெம் செல்லும் அப்படித்தான். மரபணு ஒண்ணுதான், சுற்றிலும் இருந்து வர்ற சைகையைப் பொறுத்து இதயமாகும், நரம்பாகும், ஈரலாகும். (தானே முழுக் குழந்தையாகாது, ஒத்துக்கறேன்.)

கருப்பையில வைக்கத் தகுதியில்லைன்னு ஒதுக்கின கருக்கள்லேருந்து பெங்களூரு ஜவஹர்லால் நேரு ஆய்வு மையத்துல அப்படிப்பட்ட ரெண்டு செல் வம்சங்களை வளர்த்து, 2009-ல உலகுக்குச் சொன்னாங்க!

சுட்ட மண் திரும்புமான்னு கேட்பார். ஜப்பானின் யாமனாகா 2006-ல எலியின் தோல் செல்லையே ஆரம்ப நிலைக்குத் திருப்பிட்டாரே!

எட்டாவதுல என்னையும் ஒரு வாத்தியார் 'தேறாது'ன்னார் ஐயா. அடுத்து வந்த தமிழய்யா என்னை முன்பெஞ்சுக்கு மாத்தினார்.