கியர் விழவில்லை என்றால்

(வானொலி மறையுரை. பொதுக்காலம் 23ஆம் ஞாயிறு, முதல் ஆண்டு. நற்செய்தி: மத்தேயு 18:15-20)



கடமலைக்குண்டு, வருசநாடு பக்கம் தோப்புக்கும் காட்டுக்கும் போய்வரப் பழைய புல்லட்டை விடாமல் வைத்திருப்பவர்கள் உண்டு. 1955-ல் மெட்ராஸ் மோட்டார்ஸும் இங்கிலாந்தின் ராயல் என்பீல்டும் சேர்ந்து என்பீல்டு இந்தியா நிறுவனத்தைத் தொடங்கின. திருவொற்றியூர் ஆலையில் செய்யப்பட்ட அந்தப் பழைய வண்டிகளில் கியர் வலது காலில் இருக்கும், பிரேக் இடது காலில். முதல் கியருக்கு லிவரை மேலே தூக்க வேண்டும், மற்ற மூன்றுக்கும் கீழே மிதிக்க வேண்டும்.

இந்த வண்டியில் ஒரு நாள் கியர் விழவில்லை என்றால் என்ன செய்கிறோம்? ஓங்கி மிதிக்கிறோம். மிதிக்க மிதிக்க லிவரின் உள்பல் தேய்கிறது. பெட்டிக்குள் பல்சக்கரத்தைத் தள்ளும் ஃபோர்க் வளைந்தும் போகலாம். சிறு செலவில் முடிய வேண்டியது பெரும் செலவாகிறது.

விவரம் தெரிந்த மெக்கானிக் அப்படி மிதிக்க மாட்டார். முதலில் கிளட்ச் கேபிளைப் பார்ப்பார். கேபிள் தொய்ந்திருந்தால் கிளட்ச் முழுதாகப் பிரியாது; கியர் எப்படி விழும்? அடுத்து, கிளட்சைப் பிடித்துக்கொண்டு வண்டியை முன்னும் பின்னும் லேசாக உருட்டுவார். உள்ளே பல்லும் பல்லும் நேருக்கு நேர் முட்டிக்கொண்டு நிற்கலாம். ஒன்று சற்றே நகர்ந்தால் மற்றது தன் இடத்தில் போய்ப் பொருந்திக்கொள்ளும். அதிலும் சரியாகவில்லை என்றால்தான் வலதுபக்க மூடியைக் கழற்றுவார். லிவரைப் பழைய இடத்துக்குத் திருப்பிக் கொண்டுவரும் ஸ்பிரிங் அங்கே ஒடிந்து கிடக்கலாம். கியர் பெட்டியை முழுதாகப் பிரிப்பது கடைசி வேலை.

இன்றைய நற்செய்தியில் ஆண்டவரும் ஒரு வரிசை சொல்கிறார். உன் சகோதரன் உனக்கு எதிராகத் தவறு செய்தால், முதலில் நீ தனியாகப் போய் அவனிடம் பேசு. கேட்கவில்லையா, ஒருவர் இருவரைக் கூட்டிக்கொண்டு போ. அப்போதும் கேட்கவில்லை என்றால் திருச்சபையிடம் சொல்.

நாம் இந்த வரிசையைத் தலைகீழாக்கி விடுகிறோம். பொதுக் கிணற்றில் தண்ணீர் பாய்ச்சும் முறையில் அண்ணன் தம்பிக்குள் ஒரு பேச்சு வந்துவிடுகிறது. தம்பியிடம் பேசும் முன்பே டீக்கடையில் பேசுகிறோம். அப்புறம் பஞ்சாயத்து, வக்கீல் நோட்டீஸ். பிறகு அண்ணன் மகள் கல்யாணத்துக்குச் சித்தப்பா வருவதில்லை. ஒரே பூசைக்கு வருகிறார்கள், ஒரே நற்கருணை வாங்குகிறார்கள். ஒருவர் வலதுபக்க வாசலில் போனால் மற்றவர் இடதுபக்க வாசலில் போகிறார். பிள்ளைகள் இதைப் பார்த்துக்கொண்டே வளர்கிறார்கள்.

"தப்பு அவன் மேல், அவனல்லவா வர வேண்டும்?" என்று கேட்கலாம். நியாயமான கேள்விதான். ஆனால் ஆண்டவர் போகச் சொல்வது தவறு செய்தவனை அல்ல, காயப்பட்டவனை. முட்டி நிற்கும் இரண்டு பல்லில் ஏதாவது ஒன்று நகர வேண்டும். எது நகரக்கூடியதோ அது நகரட்டும். போகிறவர் தவறை மூடி மறைக்கவும் வேண்டாம். எடுத்துச் சொல்லத்தான் இயேசு அனுப்புகிறார். ஊர் கேட்க அல்ல, அவன் காதில் படும்படி.

ஒன்றை மட்டும் தெளிவாகச் சொல்லிவிடுகிறேன். அடி உதை நடக்கும் வீட்டில், பயந்து வாழும் ஒரு பெண்ணிடமோ பிள்ளையிடமோ "தனியாகப் போய்ப் பேசு" என்று யாரும் சொல்லக் கூடாது. அங்கே முதல் நாளே துணை வேண்டும், பாதுகாப்பு வேண்டும். அந்தத் துணையாக நிற்பது நம் கடமை.

மூன்று படியும் தாண்டி ஒருவன் கேட்கவில்லை என்றால், அவனை வரிதண்டுபவனைப் போல எண்ணிக்கொள் என்கிறது நற்செய்தி. இதை எழுதியதாகத் திருச்சபை மரபு சொல்லும் மத்தேயுவே சுங்கச் சாவடியில் உட்கார்ந்திருந்தவர்தான். இயேசு அவரைக் கூப்பிட்டார், அவரோடு பந்தியிலும் அமர்ந்தார். ஆக, அந்த வீட்டுக் கதவையும் நாம் ஆணி அடித்து மூட முடியாது.

இதே அதிகாரத்தில் பேதுரு, எத்தனை முறை மன்னிப்பது என்று கேட்கிறார். அந்தச் சிறு ஸ்பிரிங்கை நினைத்துக்கொள்ளுங்கள். ஒவ்வொரு முறை மிதித்த பிறகும் அது லிவரை நடுவுக்குக் கொண்டுவருகிறது. அது திரும்பி வந்தால்தான் அடுத்த கியர் விழும். மன்னிப்பும் அப்படித்தான். எண்ணிக்கை வைத்துக்கொண்டு செய்ய முடியாது.

இந்த வாரம் நம்மில் யாராவது ஒருவர், பேசாமல் விட்ட ஒரு வீட்டு வாசலுக்குத் தனியாகப் போவோம். பழைய கணக்கு எதையும் கையில் எடுத்துக்கொண்டு போக வேண்டாம். "அண்ணே, சாப்பிட்டீங்களா?" என்று தொடங்கினால் போதும். இருவர் மூவர் தம் பெயரால் கூடும் இடத்தில் தாமும் இருப்பதாக ஆண்டவர் வாக்களித்திருக்கிறார். அந்தத் திண்ணையிலும் அவர் இருப்பார்.

செபிப்போம்: ஆண்டவரே, எங்கள் இறுகிய மனங்களை இளக்கியருளும். முதலில் நடந்து போகும் துணிவை எங்களுக்குத் தாரும். ஆமென்.