"ஸ்டவ் வெடிச்சிடுச்சு"
(மருத்துவமனை ஆதரவாளர் கூடுகையில் ஆற்றப்பட்ட உரை)



உங்கள் காணிக்கையால் நடக்கும் தீக்காயப் பிரிவைக் குறித்துப் பேசும்படி எங்களைக் கேட்டுக்கொண்டீர்கள். கட்டுத்துணி, களிம்பு, இரத்தம் ஆகியவற்றின் செலவுக் கணக்கு தனித்தாளில் இருக்கிறது. நாங்கள் பேச விரும்புவது வேறு.

இங்கே கொண்டுவரப்படும் இளம் மனைவிமார் பலர், "ஸ்டவ் வெடிச்சிடுச்சு" என்றுதான் சொல்லுகிறார்கள். சில வேளை அது உண்மையே. ஆனால் அதே அடுப்பு மாமியாருக்கும் நாத்தனாருக்கும் ஏன் வெடிப்பதில்லை? 2001-இல் இந்தியாவில் தீயினால் மாண்டோர் ஏறக்குறைய 1,63,000 பேர், அவர்களில் 65 விழுக்காட்டினர் பெண்கள் என்று 2009-இல் லான்செட் இதழில் வந்த ஆய்வு கணக்கிட்டது. இவை யாவும் வரதட்சணைச் சாவுகள் அல்ல. என்றாலும் ஆண்களைவிட இத்தனை அதிகமான பெண்கள் ஏன்?

மாஜிஸ்திரேட் மரண வாக்குமூலம் எழுதும்போது, நினைவு தெளிவாக இருக்கிறதென்று மருத்துவர் சான்று தருகிறார். நினைவு தெளிவாகத்தான் இருக்கிறது. ஆனால் வெளியே கணவன் குழந்தையைத் தூக்கிக்கொண்டு நிற்கிறான். தான் போனபின் அந்தப் பிள்ளை யார் கையில் வளரும் என்பது அவளுக்குத் தெரியும். பத்து நாளில் கிருமித்தொற்று வந்துவிட்டால், சொல்லாதது சொல்லாமலே போகிறது.

சட்டம் இல்லாமல் இல்லை. 1961-இல் வரதட்சணைத் தடைச் சட்டம் வந்தது. 1983-இல் கணவன் வீட்டார் கொடுமை குற்றமாயிற்று. 1986-இல், மணமாகி 7 ஆண்டுக்குள் வரதட்சணைக் கொடுமையால் நேரும் சாவுக்குத் தனிப் பிரிவு வந்தது. 2024 ஜூலை முதல் அது பாரதிய நியாய சன்ஹிதாவில் இருக்கிறது. அப்படியிருந்தும் 2022-இல் நாட்டில் 6,000-க்கு மேற்பட்ட வரதட்சணைச் சாவுகள் பதிவாயின.

எங்கள் பார்வையில், பெட்ரோமாக்ஸ் வெளிச்சத்தில் பேரம் பேசிய அந்த இரவைவிடக் கொடியது இன்னொன்று. அந்தப் பெண் அநேகமாக ஏற்கெனவே இரண்டு மூன்று முறை தாய்வீட்டுக்கு வந்திருப்பாள். "கொஞ்சம் அனுசரிச்சுப் போம்மா. தங்கச்சிக்கு இன்னும் முடியல" என்று பெற்றோரே பஸ் ஏற்றிவிட்டிருப்பார்கள். அவர்கள் கல்நெஞ்சர் அல்லர். வாழாவெட்டி என்ற சொல்லுக்குப் பயந்தவர்கள். கொடுத்த நகையும் ரொக்கமும் அவள் கையில் இல்லை. தாய்வீட்டு நிலத்தைக் கேட்டால், "உனக்குத்தான் செய்தாயிற்றே" என்பார்கள்.

நம்மவர்களும் இதற்கு விலக்கல்ல. திருவிதாங்கூர்க் கிறிஸ்தவருக்கான 1916-ஆம் ஆண்டு வாரிசுச் சட்டம், சீதனம் பெற்ற மகளுக்குத் தகப்பன் சொத்தில் பங்கில்லை என்றே எழுதி வைத்திருந்தது. மேரி ராய் தொடுத்த வழக்கில் 1986-இல் உச்ச நீதிமன்றம் அதற்கு முடிவு கட்டியது. ஆனால் ஓலை வாசிப்பதற்கு முன் எத்தனை பவுன் என்று கேட்கும் வழக்கத்தை எந்த நீதிமன்றம் நிறுத்தும்?

இந்த ஆண்டு உங்களிடம் நாங்கள் கேட்பது மருந்துக்கு மட்டுமல்ல. வார்டுக்குப் பக்கத்தில் ஓர் அறையும், ஒரு பெண் சமூகப் பணியாளரின் சம்பளமும் வேண்டும். கன்னத்தில் வீக்கத்தோடு, "வழுக்கி விழுந்தேன்" என்று சொல்லி வெளிநோயாளர் பிரிவுக்கு வருகிறவளை, உடன் வந்தவர்களை வெளியே நிறுத்திவிட்டு, தனியே உட்காரவைத்துப் பேச அந்த அறை.