கணக்கில் வராத ஊர்



சான்பாடாவின் மக்களும் பொருளாதாரமும் என்று எனக்குத் தலைப்புக் கொடுத்திருக்கிறார்கள். எத்தனை பேர் என்று கேட்டால், என் கையில் இருப்பது நம் சான்பாடாவும் அடங்கிய நவி மும்பையின் மொத்தக் கணக்குத்தான். 2001-இல் 7 லட்சம், 2011-இல் 11 லட்சத்து 20 ஆயிரம். அதற்குள் நாமும் கரைந்து கிடக்கிறோம். 2021-இல் எடுத்திருக்க வேண்டிய கணக்கெடுப்பு தள்ளிப்போனது. 2011-இல் பால்வாடிக்குப் போன பிள்ளை இன்று கல்லூரிக்குப் போகிறது. அரசாங்கக் கணக்கில் அது இன்னும் பால்வாடிதான்!

சரி, ஊர் எதனால் பிழைக்கிறது? நெடுஞ்சாலையைத் தாண்டினால் ஏ.பி.எம்.சி. சந்தை. மும்பைக்குள் முட்டிமோதிக் கிடந்த மொத்தச் சந்தைகளை 1980-களிலும் 90-களிலும் இங்கே கொண்டுவந்தார்கள். மாதுங்காவில் கொதிக்கிற சாம்பாரின் வெங்காயம் பெரும்பாலும் இந்தச் சந்தை வழியாகத்தான் போகிறது. அந்த வெங்காய மூட்டையைத் தூக்குகிறவர் மாத்தாடித் தொழிலாளி. அவர்களில் பலர் சாத்தாரா, சாங்லி பக்கத்துக்காரர்கள். அண்ணாசாகேப் பாட்டீல் திரட்டிய அந்தக் கூலிகளுக்கு 1969-இல் தனிச்சட்டமே வந்தது. சுமை தூக்குகிறவனுக்கும் வருங்கால வைப்புநிதி உண்டு என்று சொன்ன சட்டம் அது. இந்த வட்டாரத்தில் நான் முதலில் கும்பிடுவது அவர்களைத்தான்.

அடுத்து, மண்ணின் சொந்தக்காரர்கள். 1970-இல் நவி மும்பையைக் கட்ட சிட்கோ நிறுவனம் வந்தபோது இது வயலும் உப்பளமும். சுற்றுவட்டாரத்தில் 95 கிராமங்களின் நிலம் போனது. ஆக்ரி, கோலி மக்கள் தி.பா. பாட்டீல் தலைமையில் எழுந்தார்கள். 1984-இல் போலீஸ் சுட்டதில் உயிர்கள் போயின. அதற்குப் பிறகுதான், எடுத்த நிலத்தில் நூற்றுக்குப் பன்னிரண்டரை பங்கை மனையாகத் திருப்பித் தரும் திட்டம் வந்தது. நம்மில் பலர் வாடகைக்கு இருக்கும் கட்டடங்கள் அந்த மனைகளில் எழுந்தவைதான். வீட்டுக்காரரோடு தண்ணீருக்குச் சண்டை போடும்போது இதையும் கொஞ்சம் நினைத்துக்கொள்ளுங்கள்.

தமிழர்களான நாம் இங்கே எப்போது வந்தோம்? தாராவியில் தோல் பதனிட வந்த திருநெல்வேலிக்காரர்களின் பேரப்பிள்ளைகள், மாதுங்காவில் டைப் அடித்தவர்களின் மகன்கள், செம்பூரில் வாடகை கட்டி மாளாதவர்கள். 1973-இல் வாஷிப் பாலம், 1992-இல் ரயில். கடற்கழியைத் தாண்டி வந்துவிட்டோம். வங்கியிலும் மென்பொருளிலும் சம்பளம் வாங்குகிறோம், இட்லிக்கடையும் நடத்துகிறோம்.

ஆனால் எத்தனை பேர்? மகாராஷ்டிரம் முழுக்கத் தமிழைத் தாய்மொழியாகச் சொன்னவர்கள் 2011-இல் 5 லட்சத்துச் சொச்சம். அது பத்தாண்டுக்கு முந்தைய கணக்கைவிடக் குறைவு. பலர் திரும்பிப் போயிருக்கலாம். ஆனால் கணக்கெடுக்க வந்து வாசலில் நிற்பவரிடம் “ஹிந்தி லிக் தோ பாயி”, அதாவது ஹிந்தி என்று எழுதிக்கொள் தம்பி, என்று சொல்லிக் கதவைச் சாத்தியவர்களும் இருக்கத்தான் செய்வார்கள். தமிழ்ப் பாடம் வேண்டும், நூலகத்தில் தமிழ்ப் புத்தகம் வேண்டும் என்று மாநகராட்சியில் போய் நின்றால், அதிகாரி முதலில் கேட்பது எண்ணிக்கையைத்தான். அங்கே உணர்ச்சி எடுபடாது.

2027 பிப்ரவரியில் கணக்கெடுப்பவர் உங்கள் வீட்டுக்கு வருவார். உட்கார வைத்துத் தண்ணீர் கொடுங்கள். தாய்மொழி என்று கேட்டால் தமிழ் என்று சொல்லுங்கள்; அவர் எழுதிக்கொண்டாரா என்று கேட்டு உறுதி செய்துகொள்ளுங்கள். உங்கள் வீட்டில் பாத்திரம் தேய்க்க வரும் தமிழ் அக்காவிடமும் இதைச் சொல்லிவையுங்கள்.