வாலும் தலையும்

2000ஆம் ஆண்டு மே மாதத்திலே, காதற் கடிதமென்ற பெயருடன் கோப்பொன்று மின்னஞ்சல் வழியே உலகெங்கும் பரவியது. அதன் பெயர் 'டி.எக்ஸ்.டி.' என முடிவதாகவே பலருக்குத் தோன்றிற்று. பின்னால் நின்ற 'வி.பி.எஸ்.' என்னும் உண்மை வாலை விண்டோஸ் மறைத்திருந்தது. வெறும் எழுத்துக் கோப்பென எண்ணித் திறந்தவர்களின் படங்களை அது அழித்தது.

ஆகவே, வாலைக் காட்டுமாறு கணினியை முதலில் அமைத்துக்கொள்ளுங்கள். ஆயினும் வாலை எவரும் மாற்றி எழுதலாமே! அறிமுகமற்ற கோப்பை இருமுறை சொடுக்காது, நோட்பேட் செயலியைத் திறந்து அதனுள்ளிருந்து பாருங்கள், சேமியாது மூடிவிடுங்கள். தலையெழுத்துக்களே இனத்தைச் சொல்லும். ஸிப் பொதி 'பி.கே.' என்றும், விண்டோஸின் இயங்கு நிரல் 'எம்.இசட்.' என்றும் தொடங்கும்.

சென்ற தவணையிலே வினாத்தாளென்று எனக்கு வந்த கோப்பொன்றின் தலையில் 'எம்.இசட்.' இருந்தது. அனுப்பியதாகக் காட்டிய ஆசிரியரைத் தொலைபேசியில் அழைத்தேன். அவர் எதனையும் அனுப்பவேயில்லை.